சந்தேகத்தோடு முனைவர் பட்ட ஆய்வில் சேரலாமா? அனுமதிக் கடிதம் கையில் இருப்பவர்களுக்கு

முனைவர் பட்ட ஆய்வுக்கு இடம் கிடைத்து, ஒப்புதல் தெரிவிக்கச் சில நாட்களே மீதமிருக்கும் வேளையில், சேர்வதா வேண்டாமா என்று தூக்கம் கெடுவது புதிதாக வெளிநாடு வந்தவர்களில் பலருக்கும் நேர்கிறது. முதுகலையை முடித்த கையோடு அதே துறையில் தொடர அழைக்கப்பட்டவர்களும் இவர்களில் உண்டு. வேலைக்காகவோ வாழ்க்கைத்துணையுடனோ வந்து, பிறகு ஆய்வு வாய்ப்பைத் தேடிக்கொண்டவர்களும் உண்டு. வெளிநாட்டில் ஆய்வை முடித்து, இப்போது புதிய ஆய்வாளர்களோடு பணியாற்றுபவன் என்ற முறையில் இதில் எனக்கு உறுதியான கருத்து ஒன்று இருக்கிறது. சந்தேகம் முழுவதும் தீரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் எதைப் பற்றிய சந்தேகம் என்று தெரியாமல் கையெழுத்துப் போடவும் கூடாது.

எல்லாச் சந்தேகங்களையும் ஒரே மூட்டையாகக் கட்டிச் சுமப்பதால்தான் பெரும்பாலான குழப்பம் வருகிறது. அவற்றில் "என்னால் முடியுமா" என்ற கேள்விக்கு நான் மிகக் குறைந்த மதிப்பே கொடுப்பேன். துறையை அறிந்தவர்கள் உங்கள் விண்ணப்பத்தைப் படித்து, உங்களோடு பேசி, முடியும் என்று கருதித்தான் இடம் கொடுத்திருக்கிறார்கள். கருத்தரங்கில் மற்றவர்கள் சரளமாக விவாதிக்கும்போது, நமது கேள்வியை வேற்று மொழியில் மனதுக்குள் கோத்து முடிப்பதற்குள் பேச்சு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடும். அந்த நேரத்தில் நமக்குத் திறமையே இல்லை என்று தோன்றும். அது மொழிப் பழக்கம் சார்ந்த இடர்ப்பாடு, பெரும்பாலும் ஓராண்டுக்குள் குறைந்துவிடும். ஆனால் "இந்த நெறியாளரோடு காலம் தள்ள முடியுமா", "இந்த வேலையை அன்றாடம் செய்ய எனக்குப் பிடிக்குமா", "நடுவில் விலக நேர்ந்தால் என் நிலை என்ன" என்ற மூன்றும் வேறு வகையானவை. இவற்றுக்கான விடைகளைச் சேர்வதற்கு முன்பே விசாரித்துத் தெரிந்துகொள்ளலாம். தெரிந்துகொண்டே ஆக வேண்டும்.

முதலில் நெறியாளர். பல்கலைக்கழகத்தின் தரவரிசையைவிட இதற்கு நான் அதிக முக்கியத்துவம் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் 3,659 முனைவர் பட்ட ஆய்வாளர்களிடம் நடத்தப்பட்டு, 2017இல் ரிசர்ச் பாலிசி இதழில் வெளியான ஆய்வு ஒன்று, அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனநலப் பாதிப்பு ஏற்படும் அபாயம் இருப்பதாகக் கூறியது. பணிச்சுமை, வேலைக்கும் குடும்பத்துக்கும் இடையிலான இழுபறி ஆகியவற்றோடு, நெறியாளர் குழுவை வழிநடத்தும் விதமும் அந்த நிலையோடு தொடர்புடையதாக அதில் கண்டறியப்பட்டது. ஊரில் இருந்தால் நெறியாளர் கடுமையானவராக இருந்தாலும் மாலையில் போய்ப் பேச நாலு பேர் இருப்பார்கள். வந்த புதிதில் வெளிநாட்டில் அப்படி யாரும் இல்லை. ஆய்வகமே நமது சமூகமாகவும் ஆகிவிடுகிறது.

நெறியாளரைப் பற்றி அறிய அவருடைய கட்டுரைப் பட்டியலைப் படித்தால் போதாது. பல்கலைக்கழகத்தின் ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் அவருடைய மாணவர்கள் அண்மையில் சமர்ப்பித்த ஆய்வேடுகளை எடுத்து, அவர்கள் எந்த ஆண்டில் சேர்ந்து எந்த ஆண்டில் முடித்தார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். லிங்க்ட்இன் பக்கத்தில் பெரும்பாலும் இந்த விவரம் கிடைக்கும். அடுத்து, பழைய இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் அந்த ஆய்வகத்தின் உறுப்பினர் பக்கம் ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் எப்படி இருந்தது என்று பாருங்கள். அப்போது ஆய்வு மாணவர்களாகப் படத்தோடு இடம்பெற்று, பின்னர் ஆய்வேடு எதுவும் இல்லாமல் மறைந்துபோனவர்கள் யார் என்பது அந்தப் பழைய பக்கத்தை ஆய்வேடுகளின் பட்டியலோடு ஒப்பிட்டால் தெரியும். ஒருவர் விலகியிருந்தால் அதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். அடுத்தடுத்து மூவர் நால்வர் விலகியிருந்தால், அவர்களில் ஒருவருக்காவது பணிவாக மடல் எழுதிக் கேட்பது நல்லது. விலகியவர்கள்தான் பெரும்பாலும் மனம் திறந்து பேசுவார்கள்.

இப்போது இருக்கும் மாணவர்களோடு பேசும்போது "சார் எப்படி, நல்லவரா" என்று கேட்டால் நல்லவர் என்றுதான் பதில் வரும். அதற்குப் பதிலாக, "நீங்கள் கடைசியாக அனுப்பிய வரைவு எத்தனை நாளில் திரும்பி வந்தது, அதில் என்ன திருத்தம் எழுதியிருந்தார்" என்று கேளுங்கள். "போன வாரம், பக்கத்துக்குப் பக்கம் குறிப்போடு வந்தது" என்று உடனே சொல்பவர் இருப்பார். கொஞ்சம் தயங்கி, "அவர் ரொம்ப பிஸி, நாங்களே ஒருவருக்கொருவர் படித்துத் திருத்திக்கொள்வோம்" என்பவரும் இருப்பார். நெறியாளர் ஓய்வுபெறும் வயதை நெருங்குகிறாரா, அவருடைய பணி நிரந்தரமானதா, அவர் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறினால் உங்கள் நிதி என்னவாகும் என்பவற்றையும் தயங்காமல் கேளுங்கள். இவை மரியாதைக் குறைவான கேள்விகள் அல்ல. அவற்றைக் கேட்டு ஒருவர் முகம் சுளித்தால், அதுவே நீங்கள் அறிய வேண்டிய செய்தி.

அடுத்தது அன்றாட வேலை. "எனக்கு இந்தத் துறையில் மிகுந்த ஆர்வம்" என்பவர்களிடம் நான் கேட்பது, அந்தத் துறையின் எந்த வேலையை அலுக்காமல் திரும்பத் திரும்பச் செய்வீர்கள் என்பதுதான். செல்களை வளர்த்து, மாசுபட்டுவிட்டால் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்குவது. ஒத்துவராத தரவைச் சரிபார்க்க வாரக்கணக்கில் ஒரே நிரலைப் பார்த்துக்கொண்டிருப்பது. ஆவணக் காப்பகத்தில் மங்கிய கையெழுத்தை எழுத்து எழுத்தாகப் படிப்பது: ஆய்வுக் காலத்தின் பெரும்பகுதி இப்படித்தான் கழிகிறது. முதுகலை ஆய்வேடு எழுதிய மாதங்களை நினைத்துப் பாருங்கள். முடிவு வந்த நாளின் மகிழ்ச்சியைத் தள்ளிவைத்துவிட்டு, முடிவு வராத நாட்களில் மறுநாள் காலை எழுந்ததும் அந்தச் சிக்கலை நோக்கி மனம் போனதா, அதைவிட்டு ஓடியதா என்று உங்களுக்கு மட்டும் தெரியும். மனம் போனது என்றால், மற்ற சந்தேகங்கள் இருந்தாலும் சேரலாம் என்பேன். ஓடியது என்றால், உதவித்தொகை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் யோசியுங்கள்.

விலகுவதைப் பற்றிச் சேர்வதற்கு முன்பே பேசுவது அபசகுனம் போலப் படலாம். ஆனால் அமெரிக்கப் பட்டமேற்படிப்புப் பள்ளிகளின் பேரவை 2008இல் வெளியிட்ட ஆய்வில், பத்து ஆண்டுகளுக்குள் முனைவர் பட்டம் முடித்தவர்கள் ஏறத்தாழ 57 விழுக்காட்டினர்தான். பொறியியலில் இது 64 ஆகவும், இலக்கியம், வரலாறு போன்ற கலைப் புலங்களில் 49 ஆகவும் இருந்தது. எனவே முழு ஆய்வுக்கும் உறுதி கொடுப்பதாக எண்ணாமல், முதல் மதிப்பீடு வரை உறுதி கொடுப்பதாக எண்ணுவதே என் பார்வையில் நியாயமான முடிவு. அமெரிக்காவில் பெரும்பாலும் முதல் ஓரிரு ஆண்டுகளில் தகுதித் தேர்வு வரும். பல துறைகளில் அந்தக் கட்டத்தில் முதுகலைப் பட்டத்தோடு வெளியேறலாம். பிரிட்டனில் முதல் பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதங்களில் நடக்கும் மதிப்பீட்டில் தேறிய பிறகே முழுமையான முனைவர் பட்ட மாணவராக உறுதிசெய்யப்படுவது வழக்கம். ஆஸ்திரேலியாவிலும் முதலாண்டின் இறுதியை ஒட்டி இத்தகைய உறுதிப்படுத்தல் உண்டு. ஜெர்மனி, நெதர்லாந்து, ஸ்வீடன் ஆகிய நாடுகளில் ஆய்வாளர்களில் பலர் ஒப்பந்த ஊழியர்கள் என்பதால், ஒப்பந்தம் எத்தனை மாதத்துக்கு, நீட்டிப்பை யார் முடிவு செய்வார் என்ற கேள்விகளே அங்கே முதன்மையானவை.

வெளிநாட்டவருக்கு விலகலோடு விசாவும் பிணைந்திருக்கிறது. அமெரிக்காவில் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் படிப்பை முடித்தால் நாட்டைவிட்டுப் புறப்பட 60 நாள் அவகாசம் உண்டு. பல்கலைக்கழக அலுவலரின் அனுமதியோடு நடுவில் விலகினால் 15 நாள்தான். அனுமதியின்றி விலகினால் அதுவும் இல்லை. துணையின் நிலையும் நாட்டுக்கு நாடு மாறும். எஃப்-1 மாணவரின் துணையாக எஃப்-2 விசாவில் வருபவர் அமெரிக்காவில் வேலை செய்ய முடியாது. பிரிட்டனில் 2024 ஜனவரி முதல் மற்ற மாணவர்களில் பெரும்பாலோர் குடும்பத்தை அழைத்துவர முடியாது என்றாலும், முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கு அந்த உரிமை தொடர்கிறது. இவற்றை வாட்ஸ்அப் குழுவில் கேட்டு முடிவு செய்யாமல், பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு மாணவர் அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டுப் பெறுங்கள்.

விசாவுக்காக மட்டும் ஆய்வில் சேர்வதை நான் வெளிப்படையாகவே தடுப்பேன். நாட்டில் தங்க வழிதேடும் நெருக்கடி எனக்குப் புரியாததல்ல. ஆனால் நெறியாளரோடு பிணக்கு வரும்போது, தங்கும் உரிமையே அவர் கையில் இருப்பதாக உணர்பவர் எதையும் எதிர்த்துக் கேட்பதில்லை. விடுப்பும் எடுப்பதில்லை, நோய்வாய்ப்பட்டாலும் சொல்வதில்லை. வீட்டார் எல்லோரிடமும் சொல்லிவிட்டார்கள் என்ற காரணமும் நான்கைந்து ஆண்டுகளைத் தாங்காது. வேலைவாய்ப்பைப் பொறுத்தவரை, நீங்கள் விரும்பும் பணியின் விளம்பரங்களை எடுத்து, முனைவர் பட்டம் கட்டாயமா, இருந்தால் நல்லது என்று மட்டும் உள்ளதா என்று பாருங்கள். ஒரு மாலைப் பொழுதில் முடிந்துவிடும் வேலை அது.

இத்தனையையும் விசாரிக்க நேரம் போதவில்லை என்றால் கூடுதல் நாட்கள் கேளுங்கள். அமெரிக்காவில் நிதியுதவியோடு வரும் அழைப்புகளுக்கு ஏப்ரல் 15க்கு முன் விடை சொல்லும் கட்டாயம் மாணவருக்கு இல்லை என்ற பொது உடன்பாட்டில் பல பல்கலைக்கழகங்கள் கையெழுத்திட்டுள்ளன. உங்கள் பல்கலைக்கழகம் அந்தப் பட்டியலில் உள்ளதா என்று பாருங்கள். மற்ற நாடுகளில், "குடும்பச் சூழலையும் விசா விவரங்களையும் உறுதிசெய்துகொள்ள இரண்டு வாரம் தேவைப்படுகிறது" என்று நெறியாளருக்கு ஒரே வரியில் எழுதினால் போதும். சேர்க்கையை ஓராண்டு தள்ளிவைக்க விரும்புபவர்கள், இடம் மட்டும் தள்ளிவைக்கப்படுகிறதா, உதவித்தொகையும் சேர்ந்து தள்ளிவைக்கப்படுகிறதா என்று தனித்தனியாகக் கேட்டு, இரண்டுக்கும் துறையிலிருந்து எழுத்துமூலம் பதில் வந்த பிறகே சம்மதம் சொல்லுங்கள்.