கிளியரன்ஸ்: இடைவெளியா, போக்கிடையா?

வணக்கம். ஒன்று இடிக்காமல் போகவோ அசையவோ நீளவோ விடும் இடத்தைப் பொறியியலில் கிளியரன்ஸ் என்கிறோம். அதற்கும் தமிழில் இடைவெளி என்றே எழுதிவிடலாம் என்ற கருத்தில் எனக்கு உடன்பாடில்லை. எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் உள்ளதும், தலைமுறைகளுக்கு நடுவில் உள்ளதும், பாலத்தின் அடியில் லாரிக்கு மேலே மிஞ்சுவதும் இடைவெளியே என்றால், கடைசியில் அச்சொல் எதையும் குறிப்பாகச் சுட்டாது.

நெல்லுக்கு நண்டோட, வாழைக்கு வண்டியோட, தென்னைக்குத் தேரோட என்று, பயிர்களுக்கு நடுவே விடவேண்டிய இடத்தைச் சொல்லும் உழவர் பழமொழியில் அடிக்கணக்கே கிடையாது; ஊடே போகவேண்டியது எதுவோ, அதுவே அளவு. மதுரைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மாசி வீதிகளில் சித்திரைத் தேர் ஓடுகிறது. ஊரின் முடுக்குகளிலோ எதிரே ஒருவர் சைக்கிளில் வந்தால் நாம் சுவரோடு ஒண்டிக்கொள்ள வேண்டும். வைகைப் பாலத்தில் தூண்களுக்கு நடுவே தண்ணீர் போக விட்டிருப்பதைக் கண் என்கிறோம். வெற்றிடத்தைப் பார்த்துப் பெயர் வைக்காமல், அதன் வழியே போவதைப் பார்த்து வைக்கும் இந்த வழக்கத்தைப் பின்பற்றியே போக்கிடை என்ற சொல்லை முன்வைக்கிறேன். உயரப் போக்கிடை, பக்கப் போக்கிடை என்று அது எளிதாக விரியும். முதலில் ஓடுவெளி என்றுதான் எண்ணினேன். வீட்டில் சொல்லிப் பார்த்தபோது, கூரை ஓட்டைப் பற்றியா பேசுகிறீர்கள் என்று கேட்டார்கள், விட்டுவிட்டேன்.

தண்டவாள மூட்டில் ஊடே எதுவும் போவதில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 13 மீட்டர் தண்டவாளம், வெப்பம் 40 பாகை செல்சியஸ் கூடினால் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் நீளும். அந்த நீட்சிக்காக விடுவதை நீட்சியிடை என்று பிரித்துவிடுவதே நல்லது. எஞ்சினில் வால்வைத் தள்ளித் திறக்கும் டேப்பெட்டுக்கு விடும் கிளியரன்ஸும் இவ்வகையே: சூட்டில் வால்வுத் தண்டு நீள இடமில்லாவிட்டால் வால்வு முழுதாக மூடாது, இடம் மிகுந்தால் சத்தம் எழும்.

சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்கில் தேய்மானத்தால் உண்டாகும் மிகை இடத்துக்குப் புதுச்சொல் தேடவே வேண்டாம். ஆட்டம் இருக்கிறது என்று பட்டறையில் எல்லாரும் சொல்கிறார்கள். விடவேண்டிய இடத்தையும் தானாக உண்டான இடத்தையும் அந்தச் சொல் தெளிவாகப் பிரித்துவிடுகிறது. அதைத் தள்ளிவிட்டு அகராதிக்காக மிகைப்போக்கிடை என்று எழுதினால் மெக்கானிக் சிரிப்பார்.

போக்கிடம் என்ற பழகிய சொல்லோடு போக்கிடை குழம்புமோ என்ற ஒரு தயக்கம் மட்டும் எனக்கு உண்டு. வரைபடத்திலும் பாலத்தின் உயரப் பலகையிலும் எழுதிப் பார்த்தவர்கள் சொன்னால் மாற்றிக்கொள்ளத் தடையில்லை.