மறு: ஸ்னூஸ் பொத்தானைத் தமிழில் எப்படிச் சொல்வது?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

கட்டிலருகே வைக்கும் கடிகார ரேடியோ ஒன்றின் கையேட்டைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன், ஸ்னூஸுக்கு ஒரு சொல் வேண்டும் என்று போன வாரம் கேட்டிருந்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் அஞ்சல்பெட்டி நிறைய விடைகள். பதில் எழுதத் தாமதமானதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சொல்லையும் வீட்டில் நாலு பேரிடம் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்துவிட்டேன்.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். ஸ்னூஸ் என்ற சொல்லை மட்டும் தூக்கிக் கொடுத்தேன். கருவி என்ன செய்கிறது என்று சொல்லவே இல்லை. அதனால்தான் வந்த சொற்களில் முக்கால்வாசி தூக்கத்தைச் சுற்றியே இருந்தன.

கருவியின் தலையில் நீளமாக, கண்ணைத் திறக்காமலே கை தடவிக் கண்டுபிடிக்கும்படி இருப்பதுதான் ஸ்னூஸ். அலாரம் அடிக்கும்போது அதைத் தட்டினால் சத்தம் அடங்கும். பெரும்பாலான கருவிகளில் 9 நிமிடம் கழித்து மறுபடி அடிக்கும். 1956இல் அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக்கின் டெலிகிரான் பிரிவு விற்ற ஒரு கடிகாரத்துக்கு இந்தப் பெயரை வைத்தார்கள். ஆக, ஆங்கிலத்திலேயே இது பொறியாளர் யோசித்து வைத்த கலைச்சொல் இல்லை. கண்ணயர்வு என்ற பொருளில் வீட்டில் புழங்கிய சொல்லை எடுத்து, விற்பதற்காகப் பெட்டியில் ஒட்டியது. அந்தச் சொல்லுக்கு நாம் ஏன் இவ்வளவு விசுவாசமாக இருக்க வேண்டும்?

அதன் பக்கத்திலேயே இன்னொரு பொத்தான்: ஸ்லீப். இது அலாரத்தோடு சேர்ந்ததே இல்லை. இரவில் படுக்கும்போது இதை அழுத்தினால் ரேடியோ பாடத் தொடங்கும். குறித்த நேரம் ஆனதும் தானே அணையும். மறுபடி மறுபடி அழுத்த அழுத்த 90, 60, 30, 15 நிமிடம் என்று குறைந்துகொண்டே வரும். கருவிக்குக் கருவி இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும்.

என் அத்தைக்கு இப்படி ஒரு கருவி வாங்கிக் கொடுத்தோம். முதல் நாள் இரவே அழைப்பு வந்தது. "தூங்கப் போறேன், நீயும் தூங்குன்னு ஸ்லீப்பை அழுத்தினேன். அது பாட ஆரம்பிச்சிடுச்சு. நிறுத்தணும்னு மறுபடி அழுத்தறேன், மறுபடி அழுத்தறேன், நிக்கவே மாட்டேங்குது." அத்தை பள்ளி ஆசிரியையாக இருந்தவர். ஸ்லீப் என்ற சொல்லுக்குப் பொருள் அவருக்கு நன்றாகவே தெரியும். சிக்கலே அதுதான். சொல்லைச் சரியாகப் புரிந்துகொண்டார், பொத்தானைத் தவறாகப் புரிந்துகொண்டார். இந்தப் பொத்தானுக்கு நாம் 'உறக்கம்' என்று பெயர் வைத்தால் அதே கூத்து தமிழில் நடக்கும். ஸ்னூஸை 'சிறுதூக்கம்' என்றும் ஸ்லீப்பை 'உறக்கம்' என்றும் வைத்தால் கேட்கவே வேண்டாம். இருட்டில் எது எது என்று யாருக்கும் தெரியாது.

இனி உங்கள் சொற்களுக்கு வருகிறேன்.

> துஞ்சல் பொத்தான்

அழகான சொல்தான். ஆனால் புறநானூற்றைப் புரட்டியவருக்குக் 'குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன்' உடனே நினைவுக்கு வருவான். அங்கே துஞ்சுவது என்றால் இறப்பது; அவன் 9 நிமிடம் துஞ்சிவிட்டு எழுந்து வரவில்லை. கட்டில் பக்கத்தில் இந்தச் சொல் வேண்டாம்.

> கோழித்தூக்கம், குட்டித்தூக்கம்

சொன்னதும் வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். புரிந்தது என்பதற்கு அது நல்ல அடையாளம். ஆனால் கோழித்தூக்கம் என்பது உட்கார்ந்த இடத்தில் சட்டென்று விழிக்கிற தூக்கம். இதுவோ எழுப்ப எழுப்ப எழாதது. இரண்டும் நேர் எதிர்.

> உறக்கநிலை

கணினி ஓய்வெடுப்பதற்கு இந்தச் சொல்லை எழுதிப் பழகிவிட்டோம். அங்கே கருவி தூங்குகிறது, ஆள் விழித்திருக்கிறார். இங்கே ஆள் தூங்குகிறார், கருவி நிமிடம் எண்ணிக்கொண்டிருக்கிறது. ஒரே சொல்லை இரண்டு இடத்திலும் போட்டால் குழப்பம்தான்.

> ஒத்திவை

இதற்குத்தான் ஆதரவு அதிகம். பொருள் சரி, நானும் மறுக்கவில்லை. ஆனால் காதில் விழுந்ததும் நீதிமன்றமும் சட்டமன்றமும் கண்முன் வருகின்றன. அலாரம் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது என்று யாராவது எழுதிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. போதாக்குறைக்கு 'ஒத்தி' என்றால் வீட்டை அடமானம் வைப்பது என்ற பொருளும் பலருக்குப் பழக்கம்.

> தள்ளிவை

ஒத்திவையை விட எளிது. ஆனால் ஒருவரைத் தள்ளிவைத்துவிட்டார்கள் என்றால் அது கெட்ட சேதி. அந்தக் கசப்பு சொல்லில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. "அலாரத்தை அரை மணி நேரம் தள்ளி வை" என்றால் 6:00 மணியை 6:30 என்று மாற்றி வைப்பதைத்தான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அது வேறு வேலை, அதற்கு வேறு பொத்தான்.

> அனந்தல்

இதை அனுப்பியவருக்கு ஒரு கும்பிடு. ஆண்டாள் திருப்பாவையின் 9ஆம் பாட்டில், தோழியை எழுப்ப வந்தவர்கள் வாசலில் நின்று மாமியிடம் கேட்கிறார்கள்: உங்கள் மகள் ஊமையா, செவிடா, இல்லை அனந்தலா? கூப்பிடுவது காதில் விழும், உடம்பு எழுந்திருக்காது. அந்த மயக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. இரண்டு நாள் இதையே வைத்துக்கொண்டு சுற்றினேன். கையேட்டில்கூட எழுதிவிட்டேன். அப்புறம் வீட்டில் படித்துக் காட்டினேன். ஒருவருக்கு 'ஆனந்தம்' என்று கேட்டது. இன்னொருவர், பாம்பணை அனந்தனா என்றார். பழகிவிட்டால் இந்தக் குழப்பம் தீரும் என்று வாதாடலாம். ஆனால் எனக்கு உறுத்தியது வேறு. எவ்வளவு அழகாக இருந்தாலும் இதுவும் தூங்குகிறவரின் நிலையைத்தான் சொல்கிறது. பொத்தானைத் தட்டினால் என்ன நடக்கும் என்று சொல்லவில்லை. மனசே இல்லாமல்தான் அழித்தேன்.

> ஸ்னூஸ் என்றே இருக்கட்டுமே. அலாரம், ரேடியோ எல்லாம் அப்படித்தானே இருக்கின்றன?

நியாயமான கேள்வி. நான் ஒரு சின்னச் சோதனை வைத்திருக்கிறேன். வந்த சொல்லுக்குத் தமிழ் என்ன வினை கொடுத்திருக்கிறது என்று பார்ப்பேன். அலாரம் வைக்கிறோம், அது அடிக்கிறது. ரேடியோ போடுகிறோம், அது பாடுகிறது. இவை குடியேறிவிட்ட சொற்கள். ஸ்னூஸை என்ன செய்கிறோம்? 'பண்ணுகிறோம்'. எந்தச் சொல் வந்தாலும் வாசலில் நிற்கவைத்து நாம் கொடுக்கும் வினை அது. தனக்கென்று ஒரு வினை கிடைக்காத சொல் இன்னும் விருந்தாளிதான்; அதை மாற்ற நேரம் இருக்கிறது. அலாரத்தை மாற்ற நான் தயாராக இல்லை. எழுப்புமணி என்று ஒருவர் எழுதியிருந்தார். ஆனால் இந்தக் கருவி மணி அடித்தும் எழுப்பலாம், ரேடியோ நிலையத்தைப் பாடவைத்தும் எழுப்பலாம். மணி என்றால் பாதிதான் வருகிறது.

சரி, என் முடிவு. இரண்டு இரவு அந்தக் கருவியை என் தலைமாட்டில் வைத்துப் பார்த்தபோது எனக்குப் பட்டது இது: பொத்தான் என்பது கருவியிடம் நாம் சொல்லும் ஒரு வார்த்தை. வாய் பேசாத கருவியாக இருப்பதால் விரலால் சொல்கிறோம், அவ்வளவுதான். அப்படியானால் எழுப்ப வந்த ஆளிடம் என்ன சொல்வோமோ அதுவே பொத்தானில் இருக்கட்டும். தூக்கத்தில் யாரும் "ஒத்திவைக்கவும்" என்று சொல்வதில்லை. "அப்புறம் எழுப்பு" என்போம். ஆகவே ஸ்னூஸ் பொத்தானில் 'அப்புறம்'. கையேட்டின் உள்ளே பெயர்ச்சொல்லாக வேண்டும் இடத்தில் 'மறு எழுப்பல்'. மறு எழுப்பல் இடைவெளி 9 நிமிடம் என்பதுபோல.

ஸ்லீப் பொத்தானில் 'தூங்கும்வரை'. தூங்கும்வரை பாடு என்பதன் சுருக்கம். அதைப் பார்த்துவிட்டு அழுத்துகிறவர், ரேடியோ பாடத் தொடங்கினால் திடுக்கிட மாட்டார். மூன்றாவது, அடிக்கிற அலாரத்தை நிறுத்துவது. அதற்கு 'நிறுத்து' என்று எழுதினால் ஸ்னூஸும் நிறுத்துவதுதானே என்ற கேள்வி வரும். 'எழுந்தாச்சு' என்று எழுதலாம் என்று நினைக்கிறேன். எழாமலே எழுந்தாச்சு என்று சொல்லி ஏமாற்றுகிறவர்களுக்குச் சொல்லாக்கத்தில் மருந்து இல்லை.

'அப்புறம்' பேச்சுவழக்கு என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். 'பின்னர்' போடலாம்தான். ஆனால் காலை ஐந்தரைக்கு எந்த வாயிலிருந்து 'பின்னர்' வருகிறது? அச்சத்தோடு நான் பார்ப்பது வேறொன்று: தொலைபேசியில் பேச எதுவும் இல்லாதபோது நாம் இழுக்கும் அந்த "அப்புறம்...?" அதை நினைத்து யாரும் பொத்தானை அழுத்தாமல் இருந்தால் சரி.

இழையில் வேறு சில சொற்களும் கிளம்பின. வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

கருவியின் பெயர்: 'வானொலிக் கடிகாரம்' வேண்டாம். நேரச் சமிக்ஞையை வானொலி அலைவழி வாங்கித் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் கடிகாரம் என்று ஒரு வகையே இருக்கிறது. ஜெர்மனியிலிருந்து 77.5 கிலோஹெர்ட்ஸில் வரும் டிசிஎஃப்77 சமிக்ஞையை வாங்குவது அப்படிப்பட்டது. அந்தப் பெயரை அதற்கு விட்டுவிடுவோம். நம்முடையது கடிகார ரேடியோ. எழுத்துத் தமிழ் வேண்டுவோர் கடிகார வானொலி என்று எழுதட்டும்.

நேரம் பிசகுவதற்கு 'நகர்வு', 'விலகல்' என்றெல்லாம் வந்தன. எதற்கு? கடிகாரம் முந்துகிறது, பிந்துகிறது என்று ஏற்கெனவே சொல்கிறோம். முந்தல், பிந்தல் போதும். சுவரில் சொருகிய கருவி எப்படிப் பிந்தும் என்று கேட்டவருக்கு: பல கருவிகள் மின்சாரத்தின் சுழற்சியை எண்ணித்தான் நேரம் காட்டுகின்றன. நொடிக்கு 50 என்று எண்ணும் கருவிக்கு அது கொஞ்சம் குறைந்தால்கூட நாளடைவில் நேரம் பிந்தும். 2018 தொடக்கத்தில் செர்பியா, கொசோவோ தகராறில் பொது மின்தொகுப்பில் அந்தச் சுழற்சி குறைந்து, ஐரோப்பாவின் பல நாடுகளில் இப்படிப்பட்ட கடிகாரங்கள் ஏறக்குறைய 6 நிமிடம் பிந்திப்போயின.

மின்சாரம் போனால் நேரத்தைக் காக்கும் மின்கலம்: 'துணை மின்கலம்'. 'மாற்று மின்கலம்' என்றால் அதைக் கொண்டே கருவி முழுதும் ஓடும் என்று எதிர்பார்ப்பார்கள். பல கருவிகளில் அது நேரத்தை மட்டும் பிடித்துவைத்திருக்கும், திரை இருண்டிருக்கும். மின்கலம் போடாமல் விட்டால் மின்சாரம் திரும்பியதும் 12:00 விட்டுவிட்டு எரியும். அதற்கு ஒரு கலைச்சொல் வேண்டாம், 'எண்கள் விட்டுவிட்டு எரிந்தால் நேரத்தைப் புதிதாக வையுங்கள்' என்று எழுதினால் போதும்.

மு.ப., பி.ப. பற்றி நான் ஒருவரோடும் சண்டைக்கு வரவில்லை. ஆனால் நள்ளிரவு 12 மணியை முற்பகல் என்று எழுத என் கை வரவில்லை. திரையில் அதற்கென்று இருப்பது ஒரு சின்னப் புள்ளி மட்டும்தான். 'புள்ளி எரிந்தால் நண்பகல் 12 முதல் இரவு 11:59 வரை' என்று எழுதிவிட்டேன். காலை 6 மணிக்கு வைத்த அலாரம் மாலை 6 மணிக்கு அடிப்பதற்குக் காரணம் அந்தப் புள்ளியைக் கவனிக்காததுதான்.

இவற்றை வைத்து எழுதிய பத்தி கீழே.

'பாட்டுக் கேட்டுக்கொண்டே தூங்க, "தூங்கும்வரை" என்ற பொத்தானை அழுத்துங்கள். ரேடியோ பாடத் தொடங்கும். திரையில் 90 என்று தெரியும். அத்தனை நிமிடம் ஆனதும் ரேடியோ தானே அணையும். நேரத்தைக் குறைக்க மறுபடி அழுத்துங்கள். காலையில் அலாரம் அடிக்கும்போது இன்னும் சற்றுப் படுக்க விரும்பினால் "அப்புறம்" என்ற பொத்தானைத் தட்டுங்கள். 9 நிமிடம் கழித்து மறுபடி அடிக்கும். எழுந்துவிட்டால் "எழுந்தாச்சு" என்ற பொத்தானை அழுத்துங்கள். அலாரம் நிற்கும். மறுநாள் அதே நேரத்துக்கு அடிக்கும்.'

இதை நேற்றுத் தொலைபேசியில் அத்தைக்குப் படித்துக் காட்டினேன். கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டார். ஒரு சொல்லுக்கும் விளக்கம் கேட்கவில்லை. முடித்ததும், "எல்லாம் சரி. மறுநாள் ஞாயித்துக்கிழமை, எனக்கு அடிக்கவே வேண்டாம்னா எதை அழுத்தணும்?" என்றார்.

கருவியின் பக்கவாட்டில் அதற்கும் ஒரு சுவிட்ச் இருக்கிறது. பெயர் வைக்க மறந்துவிட்டேன். யோசித்து எழுதுங்கள்.