ஒருங்கிணைந்த மருத்துவமும் பலனுக்கேற்ற நிதியும்: மக்களின் உடல்நலம் உண்மையில் மேம்படுகிறதா?

கேள்வி: பிடோக் மகள்

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வயது 71. நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம், முழங்கால் வலி ஆகியவற்றுக்காக சிங்கப்பூரில் மூன்று வெவ்வேறு இடங்களில் மருத்துவம் பார்த்து வந்தோம். சென்ற ஆண்டு அவருடைய கணுக்கால்கள் இரண்டும் வீங்கின. முழங்காலுக்காகப் பார்த்த மருத்துவர் வீக்கத்தைக் கண்டு, நீர் பிரிவதற்கான மாத்திரை ஒன்றைக் கொடுத்தார். அதன் பிறகு அடிக்கடி எழுந்து கழிவறைக்குச் செல்ல வேண்டியிருந்த அம்மா, ஒரு நாள் விடியற்காலையில் குளியலறை வாசலில் தடுமாறி விழுந்துவிட்டார். நல்லவேளையாக எலும்பு எதுவும் முறியவில்லை.

அன்று மாலை எல்லா மாத்திரைகளையும் சாப்பாட்டு மேசையில் கொட்டிப் பார்த்தேன். அம்லோடிபின் என்னும் ஒரே ரத்த அழுத்த மருந்து, இரண்டு வணிகப் பெயர்களில் இரண்டு அட்டைகளாக இருந்தது. இரண்டு இடங்களிலும் தலா 5 மில்லிகிராம் எழுதியிருந்தார்கள். அம்மா இரண்டையும் ஒரு வேளைகூடத் தவறாமல் விழுங்கி வந்திருக்கிறார். அட்டையில் வணிகப் பெயர் பெரிதாகவும் மருந்தின் பெயர் பொடி எழுத்திலும் இருந்தால், தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

இப்போது சிங்கப்பூர் அரசின் ஹெல்தியர் எஸ்ஜி என்னும் நோய்த்தடுப்புத் திட்டத்தின்கீழ் அவரை ஒரே குடும்ப மருத்துவரிடம் பதிவு செய்யப் போகிறேன். சிகிச்சையின் எண்ணிக்கைக்குப் பணம் கொடுக்காமல், மக்களின் உடல்நலத்தைக் காப்பதற்குப் பணம் கொடுப்பதே இதன் அடிப்படை என்று படித்தேன். அவ்வாறு நிதி கொடுக்கும் முறையை மாற்றினால் ஒரு சமூகத்தின் உடல்நலம் உண்மையிலேயே மேம்படுமா? பிற நாடுகளில் இதைச் செய்து பார்த்தவர்கள் என்ன கண்டார்கள்? விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: ஓய்வுபெற்ற மருந்தாளர்

சகோதரிக்கு வணக்கம். தங்கள் அம்மாவுக்கு நேர்ந்ததை மருந்தாளர்கள் நன்கு அறிவோம். அம்லோடிபின் சிலருக்குக் கணுக்கால் வீக்கத்தை உண்டாக்கும். அளவு கூடினால் அதற்கான வாய்ப்பும் கூடும். அந்த வீக்கத்தைப் புதிய நோயாக எண்ணி இன்னொரு மருந்தைச் சேர்ப்பதும், அந்த மருந்தின் விளைவுக்கு மற்றொன்றைத் தேடுவதும் சங்கிலிபோல் தொடரும். மூன்று மருத்துவர்களும் தத்தம் அளவில் சரியாகவே நடந்திருக்கலாம். மூன்று சீட்டுகளையும் சேர்த்துப் பார்க்கும் பொறுப்பு ஒருவரிடமும் இல்லாததுதான் இங்குள்ள கோளாறு. தேசிய மின்னணு மருத்துவப் பதிவேடு 2011-இலேயே தொடங்கப்பட்டபோதிலும், தனியார் மருந்தகங்கள் (கிளினிக்குகள்) பல நெடுங்காலம் அதில் விவரங்களைச் சேர்க்காமலே இருந்தன.

2022 அக்டோபரில் நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்டு 2023 ஜூலையில் தொடங்கப்பட்ட ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில், பதிவு செய்துகொண்ட ஒவ்வொருவருக்கும் மருந்தகத்துக்கு ஆண்டுதோறும் ஒரு சேவைத் தொகை கிடைக்கிறது; அது அவருடைய உடல்நிலையையும், செய்யப்பட்ட தடுப்பு மற்றும் பராமரிப்புப் பணிகளையும் பொறுத்து அமைகிறது. இதற்கும் மேலாக, சிங்ஹெல்த், தேசிய சுகாதாரப் பராமரிப்புக் குழுமம், தேசியப் பல்கலைக்கழக சுகாதாரக் கட்டமைப்பு ஆகிய மூன்று பொது மருத்துவமனைக் குழுமங்களுக்கும் தத்தம் வட்டாரத்தில் வசிப்போரைத் தலைக்கணக்கில் கொண்டு நிதி வழங்கும் முறை கொண்டுவரப்படுகிறது. அம்மா விழுந்து மருத்துவமனையில் படுத்தால் பழைய முறையில் அது வேலைப்பளுவாகக் கணக்கிடப்பட்டு நிதியைக் கூட்டும். புதிய முறையில் அது செலவாக மட்டுமே நிற்கும். அவர் விழாமல் இருப்பதில் மருத்துவமனைக்கும் அக்கறை பிறக்க வேண்டும் என்பதே நோக்கம். இது எந்த அளவுக்குப் பலித்திருக்கிறது என்பதை வெளிநாட்டு ஆய்வுகளை அறிந்தவர்கள் சொல்லட்டும்.

பதில் 2: பால்டிமோர் வாசகர்

நான் அமெரிக்காவில் மருத்துவத் தரவுகளை ஆராயும் பணியில் இருக்கிறேன். இந்தக் கேள்விக்கு நேர்மையாக விடை தேடுபவர்கள் நியூ ஜெர்சி மாநிலத்தின் கேம்டன் நகரத்தைத் தவிர்க்க முடியாது. ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிரே, டெலவேர் ஆற்றின் மறுகரையில் உள்ள மிக வறிய நகரம் அது. ஜெஃப்ரி பிரென்னர் என்ற குடும்ப மருத்துவர், மருத்துவமனைகளின் கட்டணப் பட்டியல்களை ஆராய்ந்து, மொத்தச் செலவின் பெரும்பகுதி மிகச் சிலரிடமே குவிந்திருப்பதைக் கண்டார். அவர் உருவாக்கிய கூட்டமைப்பில் செவிலியர், சமூகப் பணியாளர் ஆகியோர் அடங்கிய குழு, மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்களைத் தேடிச் சென்று, மாத்திரைகளை ஒழுங்குபடுத்தி, மருத்துவரிடம் உடன் சென்று, அரசு உதவிகளுக்கும் விண்ணப்பித்துக் கொடுத்தது. இதைவிட அக்கறையான ஒருங்கிணைப்பைக் கற்பனை செய்வதே கடினம். 2013-இல் அவருக்கு, புதுமையான பணிகளுக்கு அளிக்கப்படும் மெக்ஆர்தர் நல்கை கிடைத்தது.

பிறகு அந்தக் கூட்டமைப்பே துணிந்து ஒரு காரியம் செய்தது. பொருளியலாளர் ஏமி ஃபிங்கல்ஸ்டைன் குழுவினருடன் சேர்ந்து, 800 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மட்டும் இந்தச் சேவையை அளித்தது. முடிவு 2020 ஜனவரியில் வெளியானது. 180 நாள்களுக்குள் மீண்டும் மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் சேவை பெற்ற பிரிவில் 62.3 விழுக்காடு, பெறாத பிரிவில் 61.7 விழுக்காடு. வேறுபாடே இல்லை.

சேவை பெற்றவர்களை மட்டும் முன்னும் பின்னும் ஒப்பிட்டிருந்தால், 38 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைந்துவிட்டதாக வெற்றி முழக்கம் எழுப்பியிருக்கலாம். ஆனால் ஒருவரை அவர் மிக மோசமாக நோயுற்றிருக்கும் வேளையில் தேர்ந்தெடுத்தால், யாரும் தொடாவிட்டாலும் அடுத்த ஆறு மாதத்தில் பலருடைய நிலை ஓரளவு தணியவே செய்யும். ஒப்பீட்டுப் பிரிவு இல்லாமல் கூறப்படும் எந்த வெற்றிக் கதையையும் நான் நம்புவதில்லை என்பதற்குக் காரணம் இதுதான்.

நான் வசிக்கும் மேரிலாந்து மாநிலத்தில் வேறொரு வழி பின்பற்றப்பட்டது. 2014 முதல் மருத்துவமனைகளின் ஆண்டு வருமானமே முன்கூட்டி வரையறுக்கப்பட்டது. படுக்கைகளை நிரப்பிக் கூடுதலாக ஈட்ட முடியாது. முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடாகிய மெடிகேருக்கு ஐந்தாண்டுகளில் 33 கோடி டாலர் மிச்சமாக வேண்டும் என்ற இலக்கை அது தாண்டியது. செலவு குறைந்தது என்று உறுதியாகச் சொல்லலாம். அதனாலேயே மக்கள் கூடுதல் நலமாக இருக்கிறார்கள் என்று சொல்லிவிட முடியாது. இவை இரண்டும் வெவ்வேறு கேள்விகள்.

பதில் 3: பராமரிப்பு ஒருங்கிணைப்பாளர்

மேலே உள்ள பதிலை மதிக்கிறேன். ஆயினும் கேம்டன் முடிவை வைத்து ஒருங்கிணைப்பே வீண் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. முந்தைய ஆறு மாதத்தில் ஏற்கெனவே மருத்துவமனையில் சேர்ந்து வந்த, பல நாள்பட்ட நோய்கள் கொண்டவர்களைப் பற்றிய ஆய்வு அது. வீடில்லாதவருக்கும் போதைப்பழக்கத்தில் சிக்கியவருக்கும் ஒரு செவிலியரின் வருகை வீட்டையோ மறுவாழ்வு மையத்தையோ உருவாக்கித் தர முடியாது. 40 வயதில் ஒருவரைப் பதிவு செய்து, ரத்த அழுத்தத்தைத் தொடக்கத்திலேயே கட்டுப்படுத்தி, சிறுநீரகம் பழுதாகாமல் காப்பது முற்றிலும் வேறு பணி. அதன் பலன் ஆறு மாதக் கணக்கில் அகப்படாது.

என்னை உறுத்துவது வேறு. எதை அளக்கிறோமோ அதற்காகவே எல்லாரும் உழைக்கத் தொடங்கிவிடுகிறோம். அமெரிக்காவில் 2012 அக்டோபர் முதல், 30 நாள்களுக்குள் நோயாளிகள் அளவுக்கு மீறித் திரும்பி வரும் மருத்துவமனைகளுக்கு மெடிகேர் தொகையைக் குறைத்தார்கள். தண்டம் 3 விழுக்காடு வரை உயர்ந்தது. திரும்பி வருவோர் எண்ணிக்கையும் குறைந்தது. ஆனால் 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, இதயச் செயலிழப்பு, நிமோனியா நோயாளிகளிடையே வீடு திரும்பிய பின்னான இறப்பு கூடியிருப்பதாகக் காட்டியது. அதற்குத் தண்டம்தான் காரணமா என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். சேர்க்கப்பட வேண்டிய ஒருவரை எண்ணிக்கைக்கு அஞ்சித் திருப்பி அனுப்பும் வாய்ப்பு உண்டு என்பதை மட்டும், இந்தப் பணியில் இருப்பவள் என்ற முறையில் என்னால் மறுக்க முடியவில்லை.

அதுபோலவே, தலைக்கணக்கில் நிதி கொடுக்கும்போது நோய் மிகுந்தவருக்குக் கூடுதல் தொகை இல்லையென்றால், தங்கள் அம்மாவைப் போன்றவர் எவருக்கும் வேண்டாதவராகிவிடுவார். உடல்நிலைக்கேற்பத் தொகை மாறும் ஏற்பாடு இங்கே இருப்பதை நான் மனமார வரவேற்கிறேன்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி: பிடோக் மகள்

மூவருக்கும் என் நன்றி. பணம் செல்லும் வழியை மாற்றுவதால் அக்கறைக்கு இடம் உண்டாகிறதே தவிர, அக்கறை தானாக வந்துவிடாது என்று புரிந்துகொள்கிறேன். இன்னும் ஒரே ஓர் ஐயம்: முதல் சந்திப்பில் நான் என்ன கேட்க வேண்டும்?

பதில் 4: ஓய்வுபெற்ற மருந்தாளர்

சுகாதாரத் திட்டம் வகுக்கும் அந்த முதல் சந்திப்புக்குக் கட்டணம் இல்லை. ஆகவே அவசரப்படாமல் பேசுங்கள். மருந்துப் பட்டியலை எழுதிக்கொண்டு போக வேண்டாம். வீட்டிலுள்ள எல்லா அட்டைகளையும், தைலம், மூலிகைப் பொடி உட்பட, ஒரு பையில் போட்டு அப்படியே கொண்டுபோய் மேசையில் வையுங்கள். ஒவ்வொன்றும் எதற்கு, எதை நிறுத்தலாம் என்று கேளுங்கள். வேறிடத்தில் புதிய மருந்து எழுதப்பட்டால் அதை யார் இந்தக் குடும்ப மருத்துவருக்குத் தெரிவிப்பார் என்பதையும் கேட்டு வையுங்கள். மருந்துகளைத் தாங்களாக நிறுத்த வேண்டாம். இறுதியாக, மருந்தின் பெயரையும் வேளையையும் ஒவ்வோர் அட்டையின் பின்புறத்திலும் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள்.