மறு: தரைதட்டுக் கோடா, தரைவிடு கோடா?

எல்லாருக்கும் வணக்கம்,

பதில் எழுத நாலு நாள் ஆயிருச்சு, மன்னிச்சுக்கங்க. செமஸ்டர் முடியுற நேரம், விடைத்தாள் கட்டு இன்னும் மேஜை மேலயே கிடக்கு. ஆனா இந்த நாலு நாளும் மனசுக்குள்ள ஓடிக்கிட்டே இருந்தது நாகப்பட்டினத்து அக்கா எழுதின இந்த ரெண்டு வரிதான்:

> தரை தட்டுறதுன்னா கடல்ல இருந்து கரைப்பக்கம் வர்ற படகுக்குத்தானே தம்பி சொல்லுவோம். உங்க பனி கரையில இருந்துல்ல கடலுக்குப் போகுது?

அக்கா, நீங்க சொன்னதுதான் சரி. அண்டார்டிகா ஐஸ் தரையை விட்டு மிதக்க ஆரம்பிக்கிற எல்லைக்கு, அதாவது இங்கிலீஷ்ல grounding lineங்கறதுக்கு, போன வாரம் நான் முன்வச்ச "தரைதட்டுக் கோடு" திசை மாறின சொல். பதினஞ்சு வருஷமா இதே விஷயத்தை ஆராய்ச்சி பண்ணி க்ளாஸும் எடுக்குறேன், கப்பல் தரை தட்டுறதையும் இங்கிலீஷ்ல groundingனுதான் சொல்றாங்கங்கறதால நானும் அந்தப் பக்கமே நின்னு பாத்துட்டேன், ஐஸ் எந்தப் பக்கம் இருந்து வருதுன்னு ஒரு நிமிஷம் கூட யோசிக்கல.

புதுசா வந்தவங்களுக்கு விஷயத்தைச் சொல்லிடுறேன். அண்டார்டிகாவுல நிலத்து மேல படுத்திருக்கிற பெரிய பனிவிரிப்பு தன்னோட எடையாலேயே மெதுவா வழிஞ்சு கடலுக்கு வருது. வந்ததும் உடனே மிதக்காது, கடல் தண்ணிக்குள்ளயும் அடித்தரையில உக்காந்தபடியே கொஞ்ச தூரம் நகரும். ஒரு இடத்துக்கு வந்ததும் தண்ணி ஆழம் போதுமானதா ஆகி ஐஸைத் தூக்கிடும், அதுக்கு அப்புறம் அது மிதக்குற பாளம். ஐஸோட அடர்த்தி கன மீட்டருக்கு 917 கிலோ, கடல் தண்ணி 1028 கிலோ, அதனால 1000 மீட்டர் கனமான ஐஸ் மிதக்கணும்னா தண்ணி ஒரு 892 மீட்டர் ஆழமாவது இருக்கணும். உக்காந்த ஐஸ் மிதக்குற ஐஸா மாறுற அந்த எல்லைக்குத்தான் நாம பேர் தேடிக்கிட்டு இருக்கோம்.

இந்த ஒரு கோட்டுக்கு ஏன் இவ்வளவு மெயில்னு ஒரு நண்பர் கேட்டிருந்தார், நியாயமான கேள்விதான். டம்ளர்ல ஐஸ்கட்டி மிதக்கும்போது தண்ணியை விளிம்பு வரைக்கும் ஊத்தி வச்சுப் பாருங்க, ஐஸ் முழுசா கரைஞ்சாலும் வழியாது. மிதக்குற ஐஸ் ஏற்கனவே தன் பங்குத் தண்ணியைத் தள்ளிருச்சு. கடல்லயும் கிட்டத்தட்ட அதே கதைதான். ஆக ஒரு துண்டு ஐஸ் கடல் மட்டத்தை உயர்த்துறது அது கரையுற நாள்ல இல்ல, இந்தக் கோட்டைத் தாண்டுற நாள்ல. பத்திரிகையில "பனிப்பாறை உருகுது, கடல் மட்டம் உயருது"ன்னு ஒரே வார்த்தையில பனியாற்றையும் மிதக்குற பனிமலையையும் சேர்த்து எழுதிடுறாங்க, படிக்கிற பிள்ளைக்கு இந்த வித்தியாசம் கிடைக்கவே மாட்டேங்குது. எனக்கு இது ரொம்ப நாள் ஆதங்கம். ஒரு இதழுக்கு நான் எழுதின கட்டுரையில இந்தக் கோட்டை விளக்கி ரெண்டு பத்தி எழுதியிருந்தேன், அச்சுல வந்தப்போ அங்க "புவியிணைப்புக் கோடு"ன்னு மாத்தியிருந்தாங்க, அது கரண்டுக்கு எர்த் போடுறதுக்கு வச்ச சொல். படிச்சவங்க அண்டார்டிகாவுல மின்சாரம் எங்க வந்துச்சுன்னு கேட்டாங்க. அன்னைக்குத்தான் இந்தக் குழுவுல வந்து கேக்கணும்னு முடிவு பண்ணேன்.

இப்ப திசைக்கு வர்றேன். அக்காவோட கேள்விக்கு அப்புறம் எனக்கு ஞாபகம் வந்தது எங்க ஊர்ல வள்ளம் இறக்குறது. கருக்கல்ல அஞ்சாறு பேர் தோள் கொடுத்துத் தள்ளுவாங்க. அணியம், அதாவது முன்பக்கம், முதல்ல தண்ணிக்குள்ள போயிரும், பின்பக்கமான அமரம் இன்னும் மணல்லதான் இருக்கும். அலை வந்தா அணியம் மட்டும் தூக்கும், அலை போனா திரும்ப இறங்கும், வள்ளத்தோட அடி மணலைத் தொடுற கடைசி இடம் ஒவ்வொரு அலைக்கும் ஒரு முழம் முன்ன பின்ன போய் வரும், அந்த இடத்துல மணல் அரைபடுற சத்தம் கேக்கும். கொஞ்சம் பெரிய அலையா ஒண்ணு வந்ததும் சத்தம் சட்டுனு நின்னுரும், தள்ளுன ஆட்கள் "விட்டுருச்சு, விட்டுருச்சு"ம்பாங்க. எது எதை விட்டுச்சு? வள்ளம் தரையை விட்டுச்சு.

அண்டார்டிகாவுல நடக்குறது அச்சு அசலா இதேதான். அமரம் நிலத்துல, அணியம் கடல்ல. ஓதம் (கடலோட ஏத்த இறக்கம்) ஏறினா மிதக்குற பக்கம் ஏறும், இறங்கினா இறங்கும், உக்காந்த பக்கம் அசையாது, நடுவுல சில கிலோமீட்டர் தூரத்துக்கு ஐஸ் வளையும். இந்தக் கோட்டை ஆராய்ச்சிக்காரங்க கண்டுபிடிக்கிறதே அந்த வளைவை வச்சுத்தான். வெவ்வேற ஓதத்துல எடுத்த ரேடார் சாட்டிலைட் படங்களை ஒண்ணு மேல ஒண்ணு வச்சுக் கழிச்சா, வளையுற இடம் மட்டும் நெருக்கமான வரி வரியாத் தெரியும். எரிக் ரினியோங்கற பனியாற்று ஆராய்ச்சியாளரும் கூட இருந்தவங்களும் 1992ல இருந்து 2011 வரைக்குமான படங்களை இப்படிப் பாத்து 2014ல வெளியிட்டாங்க. மேற்கு அண்டார்டிகாவுல இருக்கிற பைன் ஐலண்ட் பனியாற்றுல கோடு நடுப்பகுதியில 31 கிலோமீட்டர் உள்ள போயிருக்கு, பக்கத்து த்வெயிட்ஸ் பனியாற்றுல வேகமா ஓடுற நடுப்பகுதியில 14, ஸ்மித்-கோலர்ல 35. இருபது வருஷத்துக்குள்ள.

அதனால என் புது முன்மொழிவு: தரைவிடு கோடு.

தமிழாசிரியர் ஐயா கவனத்துக்கு: இது வினைத்தொகை, ஊறுகாய் மாதிரி, அதனால நடுவுல ஒற்று மிகாது. போன தடவை "தரைதட்டுக் கோடு"ல தட்டுங்கறது பெயரா வினையா, க் வருமா வராதான்னு நீங்க கேட்டதுக்கு என்கிட்ட நல்ல பதில் இல்ல, இதுல அந்தச் சிக்கலே வராது. இன்னொண்ணு, வினைத்தொகையைக் காலம் கரந்த பெயரெச்சம்னு ஸ்கூல்ல படிச்சோமே, அது இங்க எவ்வளவு பொருத்தம்னு பாருங்க ஐயா. விட்ட கோடு, விடுற கோடு, விடப்போற கோடு, மூணும் உள்ள இருக்கு. 1992ல ஐஸ் தரையை விட்ட இடம் வேற, 2011ல வேற, இன்னைக்கு வேற. ஒரு இடத்துல நிக்காத கோட்டுக்குக் காலம் காட்டாத சொல்லைவிடப் பொருத்தமானது எனக்குத் தோணல.

ஐயா தந்த "நிலைகொள் கோடு" பத்தியும் சொல்லணும். ஓசை நல்லா இருக்கு, நாக்குல உக்காருது. ஆனா நிலைகொள்றதுன்னா ஒரு இடத்துல நிலைச்சு நிக்கிறது, இந்தக் கோட்டைப் பத்தின பயமே அது நிலைக்காதுங்கறதுதான். இன்னொரு நண்பர் "மிதப்பெல்லை"ன்னு கொடுத்திருந்தார், சுருக்கமா அழகா இருக்கு, உண்மையைச் சொன்னா எனக்கு ரெண்டு நாள் அதுமேலதான் சாய்வு. அதுல ஒரே குறை, தரை காணாமப் போயிருது. இந்தத் துறையில பாதிச் சண்டை தரையைப் பத்தினது.

ஏன்னு சொல்றேன். யோஹானஸ் வீர்ட்மன்னு ஒருத்தர், நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்துல உலோகத்துக்குள்ள படிகம் எப்படி நழுவுதுன்னு பாடம் நடத்தினவர், அதே கண்ணோட பனியாற்றையும் பாத்தவர். 1974ல அவர் எழுதின கட்டுரையில கேட்ட கேள்வி ரொம்ப எளிமையானது. கடலுக்கு அடியில தரை உள்நாட்டுப் பக்கமா சரிஞ்சு ஆழமாகிக்கிட்டே போனா இந்தக் கோடு நிக்குமா? நிக்காதுன்னு கணக்குப் போட்டுக் காட்டினார். 2007ல கிறிஸ்டியன் ஷோஃப்னு இன்னொரு ஆராய்ச்சியாளர் அந்தக் கணக்கை இறுக்கமாக்கினார், கோட்டுல ஐஸோட கனம் ரெண்டு மடங்கானா அது வழியா வெளியேறுற ஐஸ் கிட்டத்தட்ட 27 மடங்காகும், பக்கத்துல முட்டு எதுவும் இல்லாத பட்சத்துல. கோடு ஒரு அடி பின்வாங்குது, அங்க தரை இன்னும் ஆழம், ஐஸ் இன்னும் கனம், இன்னும் அதிகமா வெளியேறுது, மறுபடி பின்வாங்குது. மேற்கு அண்டார்டிகாவுல பெரும்பகுதித் தரை இப்படித்தான் உள்பக்கம் சரிஞ்சு கிடக்கு. த்வெயிட்ஸ் ஒண்ணு மட்டும் முழுசாப் போனா உலகக் கடல் மட்டம் சுமார் 65 சென்டிமீட்டர் ஏறும். தரை எந்தப் பக்கம் சரியுதுங்கறதுலதான் இத்தனையும் இருக்கும்போது சொல்லுல தரை இருந்தே ஆகணும்னு நினைக்கிறேன்.

முட்டுன்னு சொன்னேன்ல, அதுவும் பட்டியல்ல நிலுவையில இருக்கு. மிதக்குற பாளம் பக்கத்து மலைச்சுவர்லயும் கடலடி மேட்டுலயும் உரசிப் பின்னாடி வர்ற ஐஸைத் தடுத்து வச்சிருக்கும். இதுக்கு "உதைகால் விசை", "தாங்கு விளைவு"ன்னு ரெண்டு வந்திருந்துச்சு. எனக்கு ரெண்டும் வேண்டாம்னு படுது, வாழைக்கும் சாயுற சுவருக்கும் நாம முட்டுக் கொடுக்குறோமே, அதே முட்டு போதும். 2002ல அண்டார்டிகாவுல லார்சன்-பிங்கற மிதக்குற பாளம் உடைஞ்சப்போ 3250 சதுர கிலோமீட்டர் பாளம் அஞ்சு வாரத்துல நொறுங்கிப் போச்சு, முட்டு போனதும் பின்னாடி இருந்த பனியாறுகள் வேகம் எடுத்துருச்சு. இதைத் தமிழ்ல சொல்லும்போது க்ளாஸ்ல யாரும் சந்தேகமே கேட்டதில்ல.

அந்த மிதக்குற பாளத்துக்கு "பனித்தட்டு", "பனி அடுக்கு" ரெண்டுமே புழக்கத்துல இருக்கு. நான் பனிமிதவைன்னு எழுதலாம்னு கேக்குறேன். அதோட குணமே மிதக்குறதுதானே.

"தரை தட்டு" வீணாப் போகல அக்கா. அதை அதுக்கு உரியவங்களுக்கே கொடுத்துடலாம். ஏ23ஏன்னு ஒரு பனிமலை, 1986ல ஃபில்ஷ்னர் பனிமிதவையில இருந்து பிரிஞ்சு, கொஞ்ச தூரத்துலயே வெட்டெல் கடல்ல தரை தட்டி முப்பது வருஷத்துக்கு மேல அங்கயே நின்னுச்சு. அது அசல் தரை தட்டல், கடல்ல மிதந்து வந்து அடி பட்டு நின்னது. ஒரு சொல் ரெண்டு எதிர்த் திசைக்கு வேலை செய்யுற குழப்பமும் இதோட தீர்ந்துருது.

ஒருத்தர் "போன வாரம் ஒரு சொல், இந்த வாரம் ஒரு சொல்னு மாத்திக்கிட்டே இருந்தா யார் பயன்படுத்துவாங்க"ன்னு வருத்தப்பட்டிருந்தார். அந்த வருத்தம் எனக்கும் புரியுது. ஆனா இந்தத் துறையே தன் பேர்களை மாத்திக்கிட்டுத்தான் வந்திருக்கு. ராஸ் கடல் பக்கம் ஓடுற பனி ஓடைகளுக்கு (பனிவிரிப்புக்குள்ளயே வேகமா நகருற பகுதிகள்) முதல்ல ஏ, பி, சின்னு வெறும் எழுத்துதான் வச்சிருந்தாங்க, பின்னாடி அங்க ஆராய்ச்சி பண்ணவங்க பேரை வச்சாங்க. ஏ இப்ப மெர்சர், பி வில்லன்ஸ், சி காம்ப். ஜான் மெர்சரும் இயன் வில்லன்ஸும் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்துல இருந்தவங்க. காத்துல கரியமில வாயு அதிகமானா மேற்கு அண்டார்டிகா ஐஸ் போயிரும்னு மெர்சர் 1978லயே எழுதிட்டார், அப்ப நிறையப் பேர் அதை நம்பல. சொல் சரியா அமையுற வரைக்கும் நாமும் மாத்தலாம்னுதான் என் எண்ணம், அச்சு ஏறுறதுக்கு முன்னாடி மாத்துறது சுலபம்.

கடைசியா ஒரு காட்சி சொல்லிடுறேன். 2020 ஜனவரியில த்வெயிட்ஸ் மேல சுடுதண்ணியால கிட்டத்தட்ட 600 மீட்டர் ஆழத்துக்குத் துளை போட்டு ஐஸ்ஃபின்னு ஒரு ஒல்லியான ரோபோவை உள்ள இறக்கினாங்க, பிரிட்னி ஷ்மிட்டோட குழு செஞ்சது. அது நீந்தி இந்தக் கோட்டுக்கே போச்சு. வீடியோவுல மேல ஐஸோட அடிப்பக்கம், கீழ கடல் தரை, ரெண்டும் நெருங்கிக்கிட்டே வரும், ஐஸுக்குள்ள மண்ணும் பொடிக்கல்லும் பதிஞ்சு கிடக்கும், அது தரையில இருந்து கூடவே எடுத்துட்டு வந்த மண்ணு. வள்ளம் மிதந்ததுக்கு அப்புறமும் அடியில ஒட்டியிருக்கிற மணல் மாதிரி. நான் ஒவ்வொரு வருஷமும் முதல் வாரத்துலயே இதைப் போட்டுக் காட்டுறேன், எத்தனை தடவை பாத்தாலும் அந்த இடத்துல என் பேச்சு நின்னுரும்.

வர்ற சனிக்கிழமை இங்க தமிழ்ப் பிள்ளைங்களுக்கு ஆன்லைன்ல ஒரு மணி நேரம் பேசுறேன். ஸ்லைடுல "தரைவிடு கோடு"ன்னு போட்டிருக்கேன், கோடு ஒரு பட்டையா விரியுற இடத்துக்குத் "தரைவிடு மண்டலம்". மறுப்பு இருந்தா வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதுங்க.

அக்கா, உங்க அப்பா இன்னும் கடலுக்குப் போறார்னு சொன்னீங்கல்ல. வள்ளம் மிதக்க ஆரம்பிக்கிற அந்த நேரத்துக்கு உங்க பக்கம் வேற ஏதாவது சொல் இருக்கான்னு அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க. இருந்தா ஸ்லைடை மாத்திடுறேன்.

அன்புடன்