9-வது வாரம், ஓயாத வாந்தியும் தலைசுற்றலும்: வழி சொல்லுங்கள்

அக்காமார்களுக்கும் தோழிகளுக்கும் வணக்கம். எனக்கு முதல் குழந்தை, இப்போது 9-வது வாரம். மசக்கை காலையில் மட்டும்தான் இருக்கும் என்று நினைத்தேன். எனக்குப் பொழுது சாயும்வரை வாந்திதான். பக்கத்து வீட்டில் கடுகு தாளித்தாலே வயிற்றைப் புரட்டுகிறது. நேற்று பல் துலக்கிவிட்டு நிமிர்ந்தபோது கண் இருட்டி, வாளியைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ரொம்பப் பயந்துபோனேன்.

52 கிலோ இருந்தேன், இப்போது 50. டாக்டர், வாந்தியைக் குறைக்க டாக்ஸிலமைன் என்ற மருந்தும் வைட்டமின் பி6-உம் சேர்ந்த மாத்திரையை இரவில் போடச் சொன்னார். சிறுநீரில் கீட்டோன் (சாப்பாடு போதாமல் உடம்பு கொழுப்பைக் கரைக்கும்போது வரும் பொருள்) இல்லையாம். தண்ணீர்கூடத் தங்காவிட்டால், சிறுநீர் குறைந்து அடர்மஞ்சளாகப் போனால், உடனே வரச் சொல்லியிருக்கிறார். அப்படி ஆனால் டிரிப்ஸ் ஏற்ற வேண்டியிருக்குமாம்.

எழுந்திருக்கும் முன்பே படுக்கையில் ஒரு ரஸ்க் கடித்தால் கொஞ்சம் பரவாயில்லை. ஆறிய தயிர்சாதம் இரண்டு வாய் இறங்குகிறது. ஓஆர்எஸ் கரைசலை ஸ்பூன் ஸ்பூனாகக் குடிக்கிறேன்.

இப்படிக் கஷ்டப்பட்டவர்கள் என்ன சாப்பிட்டுத் தெம்பாக இருந்தீர்கள்? தினமும் 40 நிமிடம் பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன், அதை எப்படிச் சமாளித்தீர்கள்? அப்புறம், எத்தனையாவது வாரத்தில் உங்களுக்குக் குறைந்தது? தெரிந்ததைச் சொல்லுங்கள், இன்று இரவே படித்துவிடுவேன்.