கோழிக் குடல் பாக்டீரியா: முழு மரபணு வரிசைக்கு உதவி வேண்டும்

வணக்கம். மாதவரத்தில் நுண்ணுயிரியல் ஆய்வு மாணவி நான். செங்குன்றம் பக்கத்து நாட்டுக்கோழி ஒன்றின் குடலிலிருந்து லாக்டிக் அமிலம் தரும் பாக்டீரியா ஒன்றைப் பிரித்திருக்கிறேன். பாக்டீரியா இனங்களை அடையாளம் காண ஒப்பிடப்படும் அதன் 16எஸ் மரபணு, பெயரிடப்பட்ட எந்த இனத்தோடும் 97.9 சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போகவில்லை. 98.7க்குக் கீழே என்றாலே புது இனமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் முழு மரபணுத்தொகுதி ஒப்பீட்டிலும் ஒற்றுமை 95 சதவீதத்துக்குக் கீழே வந்தால்தான் நம்பிப் பேச முடியும். இந்த பாக்டீரியா குடலிலுள்ள பித்த உப்பைத் தாங்குகிறது. அதற்காக இப்போதே புரோபயாட்டிக் (உடலுக்கு நன்மை தரும் நுண்ணுயிர்) என்று சொல்ல மாட்டேன்.

சென்னையில் மாணவர்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் முழு வரிசை எடுத்துத் தருபவர்களைத் தெரியுமா? அப்புறம், புது இனத்துக்கு முறைப்படி பெயரிட இரண்டு நாடுகளின் நுண்ணுயிர்ச் சேமிப்பகங்களில் அதன் உயிருள்ள மாதிரி இருக்க வேண்டும். வெளிநாட்டுக்கு அனுப்ப, தரமணியிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் நடைமுறையைக் கடந்து வந்தவர்கள் யாராவது இருந்தால் இங்கேயே சொல்லுங்கள்.