வட்டக்கச்சிக் குடும்பம்: சாந்தகப்பை பிடித்த கதை

சனி, காலை 8.05

கவி: எல்லோருக்கும் வணக்கம். சின்ன மாமா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். கிளிநொச்சியில் ஒரு கட்டட ஒப்பந்தகாரர் என்னைப் பயிலுநராக வந்து சேரச் சொல்கிறார். அடுத்த கிழமையே வரலாமாம். அம்மா மறிக்கிறார். நீங்களும் இப்படித்தானே தொடங்கினீர்கள்?

அம்மா: நான் எங்கே மறித்தேன்? உயர்தரப் பெறுபேறு வரும்வரை பொறு என்றேன். அதற்குள் குழுவில் முறைப்பாடு வைத்துவிட்டான்.

மதி அக்கா: சித்தி, வழக்கு பதிவாகிவிட்டது. இனி விசாரணைதான்.

தேவன் மாமா (டொராண்டோ): இங்கே ஒரு நல்ல மேசனைப் பிடிக்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வந்தவர் கேட்கும் கூலியைக் கேட்டால், நான் படித்த கணக்கியலை நினைத்து அழுகை வரும். விடுங்கள், பிள்ளை போகட்டும்.

அம்மா: அண்ணா, நீங்கள் பனிக்குள் இருந்துகொண்டு சொல்வீர்கள். இங்கே வெயிலில் நிற்கப்போகிறவன் இவன்.

சின்ன மாமா: வேலையில் நிற்கிறேன். மதியம் எழுதுகிறேன்.

பிற்பகல் 1.10

சின்ன மாமா: சாப்பிட்டாயிற்று. கவி, நான் சேர்ந்த காலமும் இப்போதும் ஒன்றல்ல, அதை முதலில் விளங்கிக்கொள். நான் போனது 2012 கடைசியில். போரில் வீடிழந்தவர்களுக்கான இந்திய வீட்டுத்திட்டத்தின் இரண்டாம் கட்டம் அந்த ஒக்டோபரில்தான் தொடங்கியிருந்தது. 550 சதுர அடி வீடு, ஐந்தரை இலட்சம் ரூபா. பணம் வீட்டுக்காரரின் வங்கிக் கணக்கில் பகுதி பகுதியாக விழும். மேசனை அவர்களே தேடிப் பிடிக்க வேண்டும். வன்னி முழுவதும் ஒரே நேரத்தில் அத்திவாரம் வெட்டினால் அத்தனை மேசனுக்கு எங்கே போவது? மண்வெட்டி பிடித்தவனெல்லாம் மேசன் ஆனான். நேற்றுச் சேர்ந்தவனை இன்று சாரத்தில் ஏற்றினார்கள்.

பெரியம்மா (தருமபுரம்): அதில் ஒருவன்தான் என் வீட்டையும் கட்டினான். நடு அறையில் அலுமாரியை எந்தச் சுவரோடு வைத்தாலும் ஒரு பக்கம் நான்கு விரல் இடைவெளி நிற்கிறது. பல்லிக்குத்தான் வசதி.

சின்ன மாமா: அக்கா, அது நாங்கள் கட்டியதல்ல. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

பெரியம்மா: நீ என்று நான் சொன்னேனா?

சின்ன மாமா: எங்கள் குழுவில் வயதான மேசன் ஒருவர் இருந்தார். அப்பு என்றுதான் கூப்பிடுவோம். சாந்து அள்ளிப் பூசும் சாந்தகப்பையைத் தொடவே அவர் என்னை விடவில்லை. மணல் அரிப்பது, சாந்து குழைப்பது, தாச்சியில் தூக்கிக் கொடுப்பது, பின்னேரம் சுவருக்குத் தண்ணீர் ஊற்றுவது. இவ்வளவுதான் என் வேலை. என்னோடு சேர்ந்தவர்கள் வேறு இடங்களில் பூச்சு வேலை செய்துகொண்டிருந்தார்கள். எனக்கு எரிச்சல். ஆனால் பார்த்துக்கொண்டே இருந்ததில் சில விடயங்கள் கைக்கு வருமுன் கண்ணுக்கு வந்துவிட்டன.

மணலை எடுத்துக்கொள். லொறி வந்து பறித்ததும் அப்பு ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் தேய்த்துவிட்டுக் கொட்டுவார். கையில் சேறு ஒட்டியிருந்தால் லொறிக்காரரோடு சண்டை தொடங்கும். ஒருமுறை அவர் சந்தேகப்பட்டு, சோடாப் போத்தலில் பாதிக்கு மணலும் மீதிக்குத் தண்ணீரும் விட்டுக் குலுக்கி மதில்மேல் வைத்தார். மணல் கீழே படிய, அதன்மேல் வண்டல் தனிப் படையாக நின்றது. லொறிக்காரர் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை.

மதி அக்கா: மூலைக்கு வாருங்கள் மாமா. அம்மா அலுமாரியை விடமாட்டார்.

சின்ன மாமா: அத்திவாரத்துக்கு நூல் கட்டும்போதே மூலை சரியாக வர வேண்டும். நூலில் ஒரு பக்கம் மூன்றடியில் அடையாளம், மறுபக்கம் நாலடியில் அடையாளம். இரண்டுக்கும் குறுக்கே அளந்தால் ஐந்தடி வர வேண்டும். பெரிய அறை என்றால் ஆறு, எட்டு, பத்து. ஓர் அங்குலம் பிசகினாலும் அப்பு முளையைப் பிடுங்கிவிடுவார்.

மதி அக்கா: பைதகரசின் தேற்றம்! பத்தாம் வகுப்பில் இதைக் கரும்பலகையில் போட்டால் பாதிப் பிள்ளைகள் யன்னலைப் பார்க்கிறார்கள். இனி நூலும் முளையும் கொண்டுபோய் மைதானத்தில் விடப்போகிறேன்.

சின்ன மாமா: மட்டம் பார்ப்பது இன்னும் நன்றாயிருக்கும். உள்ளே தெரிகிற பிளாஸ்ரிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை அப்பு முதல் மூலையில் போட்ட பென்சில் கோட்டோடு பிடிப்பார். மறு முனையோடு நான் அடுத்த மூலையில் நிற்பேன். "தூக்கு, இன்னும், பதி, நில்." தண்ணீர் ஏறி இறங்கி ஆடும். அடங்கும்வரை பொறுத்துத்தான் கோடு போட வேண்டும். குழாய்க்குள் ஒரு காற்றுக் குமிழ் ஒளிந்திருந்தாலே மட்டம் பொய் சொல்லும். அதனால் தொடங்குமுன் குழாய் முழுவதையும் வெயிலுக்கு நேரே பிடித்துச் சாண் சாணாகத் தடவிப் பார்ப்பார். குமிழ் கண்டால் விரலால் சுண்டிச் சுண்டி முனைவரை ஓட்டிக்கொண்டு போவார். இன்றைக்கு லேசர் மட்டம் வாங்கி வைத்திருக்கிறேன், பரவாயில்லை. ஆனாலும் சந்தேகம் வந்தால் குழாயைத்தான் எடுப்பேன்.

தேவன் மாமா: அந்த அப்பு முந்தி எங்கே வேலை செய்தவர்?

சின்ன மாமா: எண்பதுகளில் யாழ்ப்பாணப் பக்கம். தொண்ணூறுகளில் வன்னிக்குள்தான். சீமெந்து இல்லாத காலம்.

பெரியம்மா: ஐயோ, வன்னிக்குள் பொருள் வரவிடாத அந்தப் போர்க்காலத் தடை. சீமெந்து, கம்பி, மண்ணெண்ணெய், பற்றறி எல்லாவற்றுக்கும் தடை. கிணற்றுக் கட்டு வெடித்தாலும் திருத்த வழியில்லை. மண் சுவர், மேலே ஓலை, தரைக்குச் சாணம். கவியின் அம்மா பிறந்தநாளுக்குப் புதுச் சட்டை கேட்டு அழுதது அப்படியொரு வீட்டில்தான்.

அம்மா: அதை இங்கே எழுத வேண்டுமா அக்கா?

தேவன் மாமா: இதில் ஒரு கூத்தைப் பாருங்கள். காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்குக் களிமண் போனதே மன்னார்ப் பக்கம் நமது முருங்கனிலிருந்துதான், ரயிலில். 1990இல் ஆலை நின்றது. பிறகு முருங்கன் ஆட்களுக்கே சீமெந்து கிடையாது.

சின்ன மாமா: அதுதான் அப்புவிடம் ஒட்டிக்கொண்டது. பையை வெட்டி ஊற்றியதும் வெறும் பையை உதறி, மூலையில் நிற்கும் தூளையும் தட்டி எடுப்பார். இளைஞர்கள் சிரிப்பார்கள். ஆனால் சீமெந்தைச் சிக்கனம் பிடித்துக் கலவையைக் குறைப்பவர் இல்லை. கதவு, யன்னலுக்கு மேலே போடும் லிண்டலுக்குச் சீமெந்து, மணல், கல் ஒன்றுக்கு இரண்டுக்கு நாலு என்றால் அது அப்படியே போக வேண்டும். தூக்க இலகு என்று நாங்கள் தண்ணீரைக் கூடுதலாக ஊற்றினால் மட்டும் வாய் திறப்பார். தண்ணீர் கூடினால் கொங்கிறீட்டின் பலம் போய்விடும். அதைச் சொல்கிற விதம் இந்தக் குழுவுக்கு ஏற்றதல்ல, அம்மப்பாவும் இருக்கிறார்.

அம்மப்பா: பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

மதி அக்கா: 😄

சின்ன மாமா: குழி வெட்டும்போது மண்வெட்டியில் இரும்பு தட்டினால் எல்லோரும் கையை எடுத்துவிட்டு வந்த வழியே வெளியே வர வேண்டும். என்ன இரும்பு என்று கிளறக் கூடாது. அப்பு முதல் நாளே சொன்ன சட்டம் அது. கண்ணிவெடி அகற்றிய காணியென்று எழுதித் தந்திருந்தாலும் அதுதான் சட்டம். இரண்டொரு இடத்தில் வேலையை நிறுத்தி அறிவித்தும் இருக்கிறோம்.

அம்மா: இதை அப்போது நீ வீட்டில் சொல்லவே இல்லையே!

சின்ன மாமா: சொல்லியிருந்தால் விட்டிருப்பீர்களா, அக்கா?

கவி: மாமா, சம்பளம்?

சின்ன மாமா: அதற்குத்தான் வருகிறேன். அப்பு ஒருநாள் ஒன்றும் சொல்லாமல் சாந்தகப்பையை என் கையில் தந்துவிட்டு வெற்றிலை போடப் போனார். அன்றிலிருந்து நானும் சுவர் எழுப்பினேன். ஆனால் கூலிப் புத்தகத்தில் தொடர்ந்து பயிலுநர்தான். பக்கத்தில் நிற்கும் மேசனின் கூலியில் பாதி. கேட்டால், "தொழில் சொல்லித் தருகிறோமே" என்பார் முதலாளி. சொல்லித் தந்தது அப்பு, கூலியைப் பிடித்தது இவர். விலகும்போது கடைசி மாதக் காசும் வரவில்லை.

தேவன் மாமா: யார் அது? எனக்குத் தெரிந்தவரா?

சின்ன மாமா: பெயர் வேண்டாம் அண்ணா. அவருடைய பிள்ளைகளும் இதே ஊரில்தான் இருக்கிறார்கள்.

பெரியம்மா: கெட்டது மட்டுமா? யாழ்தேவி வந்த அன்று நடந்ததைச் சொல்.

சின்ன மாமா: 2013 செப்டெம்பர் 14. கிளிநொச்சிக்குத் திரும்ப ரயில் வந்த நாள். தண்டவாளத்துக்குக் கிட்ட ஒரு வீட்டில் பூச்சு வேலை. ஊதும் சத்தம் கேட்டதும் எல்லோரும் சாரத்தில் ஏறிவிட்டோம். கீழே குழைத்த சாந்து இறுகுகிறது. அப்பு எங்களைத் திட்டிக்கொண்டே ஏணியில் ஏறி வந்து எங்களைவிட அதிக நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தச் சாந்தைக் கொட்டத்தான் வேண்டியிருந்தது. முதன்முறையாக அவர் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

கவி: அப்படியென்றால் நான் போகலாமா, வேண்டாமா?

சின்ன மாமா: அவரிடம் போய்க் கேள். பயிலுநர் ஒப்பந்தம் எழுத்தில் தருவாரா, பயிலுநர் பயிற்சிக்கான அரச அதிகாரசபையான நைட்டாவில் பதிவு செய்வாரா என்று. பதிவிருந்தால் முடிவில் என்.வி.க்யூ. என்கிற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழுக்கு வழி உண்டு. நான் அது இல்லாமல் வெகுகாலம் அலைந்தேன். பிறகுதான், செய்த வேலையை வைத்து மதிப்பிடும் முறையில் அந்தச் சான்றிதழின் மூன்றாம் மட்டம் எடுத்தேன். அப்பு கடைசிவரை எந்தக் கடதாசியும் இல்லாமலே போய்ச் சேர்ந்தார். அவர் கட்டிய வீடுகளில் வெடிப்பைக் காட்டினால் நான் மேசன் வேலையை விடுகிறேன், ஆனால் அரச வேலைக்கு அவரை எந்த இடத்திலும் எடுக்கவில்லை.

மதி அக்கா: அறிவியல் நகரில் ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனமும் இருக்கிறதே. கட்டடத் தொழில்நுட்பம் அங்கே படிப்பிக்கிறார்கள்.

சின்ன மாமா: நல்ல இடம். பெறுபேறு வந்ததும் அதற்கும் விண்ணப்பம் போடட்டும். ஆனால் கச்சான் காற்று அடிக்கும் மாதத்தில் புதுப் பூச்சு எப்படி ஒரே மதியத்தில் காய்ந்து வெடிக்கும், கிணறு வற்றிய காலத்தில் ஒரு கிழமைக்குச் சுவரை எப்படி நனைத்து வைத்திருப்பது என்பதெல்லாம் வேலைத்தலத்தில் நின்றால்தான் பிடிபடும். இரண்டும் வேண்டும்.

மாலை 5.40

கவி: கேட்டேன் மாமா. எழுத்தில் ஒன்றும் தர மாட்டாராம். "முதலில் வா, பிறகு பார்ப்போம்" என்கிறார்.

சின்ன மாமா: அந்தப் "பிறகு" எனக்கு நன்றாகத் தெரியும். நீ என்னோடு வா. திங்கட்கிழமை உருத்திரபுரத்தில் ஒரு வீட்டுக்கு நாட்கல் வைக்கிறோம். ஆறரைக்கு வளவில் நிற்க வேண்டும். கூலி எவ்வளவு என்று அம்மாவுக்கும் சொல்லிவிட்டுத்தான் தொடங்குவேன்.

அம்மா: பெறுபேறு வரும்வரை மட்டும்.

சின்ன மாமா: சரி அக்கா. கவி, செருப்போடு வராதே. சப்பாத்து வேண்டும்.

கவி: பள்ளிக்கூடச் சப்பாத்துத்தான் இருக்கிறது. அதுவும் இறுக்கம்.

தேவன் மாமா: அளவு என்ன? காசு போடுகிறேன், நாளைக்கே சந்தையில் வாங்கு.

கவி: எட்டு.

பெரியம்மா: ஒன்பதாக வாங்கு. வளர்கிற கால்.